லெட்வில்லில் ரொட்டி அமுங்காமல் சுட்ட விதம்

கொலராடோவின் லெட்வில் நகரம் கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து இங்கே குடிவந்த எனக்குப் பனியோ குளிரோ பெரிய தொல்லையாக இல்லை, ரொட்டிதான் பாடாய்ப்படுத்தியது. மாவு மளமளவென்று பொங்கும், ஓவனுக்குள் போனதும் நடுவில் பள்ளம் விழும். வெட்டினால் மேலே பொந்து, அடியில் களிபோல ஈரம்.

காரணம் காற்றழுத்தம். கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம்தான் இங்கே. ஈஸ்ட் வெளிவிடும் வாயு அதிகமாக விரிந்து, மாவு இறுகுவதற்குள் அதைக் கிழித்துவிடுகிறது.

ஈஸ்ட்டைக் கால் பங்கு குறைத்தேன். மலைக்காற்றில் மாவு காய்ந்து கிடக்கும் என்பதால் கைப்பதம் பார்த்துத் தண்ணீரைக் கூட்டினேன். பிசைந்த மாவை இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். இதுதான் முக்கியம்: மெதுவாகப் பொங்கினால்தான் எங்கள் ஊர் ரொட்டியின் அந்தப் புளிப்பு மணம் வரும். மாவு இரட்டிப்பாகும் முன்பே ஓவனில் வைத்து, வெப்பத்தை வழக்கத்தைவிட 10 டிகிரி கூட்டினேன். மேல்தோல் சீக்கிரம் இறுகியது, பள்ளம் விழவில்லை.

உருளைக்கிழங்குக்கு வேறு வழி. தண்ணீர் இங்கே சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் நடுப்பகுதி வேக நெடுநேரம் ஆகிறது. பிரஷர் குக்கர் வாங்கிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.