ஜேர்மனியில் வேலை நேரத்தைக் குறைக்க: வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள்

மகள் முதலாம் வகுப்பில் சேர்ந்த வருடம், சமையற்கூடத்தில் தட்டுகளை அடுக்கிக்கொண்டே மேற்பார்வையாளரிடம் கேட்டேன்: "பள்ளி பதினொன்றரைக்கே முடிந்துவிடுகிறது, என் நேரத்தைக் குறைத்துத் தாருங்கள்." பார்க்கலாம் என்று தலையாட்டினார். நான்கு மாதம் போயிற்று. பிள்ளை பக்கத்து வீட்டு வாசற்படியில் புத்தகப்பையோடு காத்திருந்தாள். வாயால் கேட்டது சட்டப்படி செல்லாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நேரத்தைக் குறைக்கும்படி கேட்க, நீங்கள் அதே இடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்திருக்க வேண்டும். தொழில் பழகுபவர்களைச் சேர்க்காமல் 15 பேருக்கு மேல் வேலை செய்யும் இடமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான், காரணம் சொல்லத் தேவையில்லை. மின்னஞ்சலே போதும், ஆனால் தொடங்கும் நாளுக்கு மூன்று மாதமாவது முன்னதாகப் போய்ச்சேர வேண்டும். செப்டெம்பர் 1 என்றால் மே நடுவிலேயே அனுப்பிவிடுங்கள்.

"நேரத்தைக் குறைக்கவும்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். நான் எழுதியது இது: வாரம் 39 மணியிலிருந்து 20 மணி, திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 7 முதல் 11 வரை. கிழமையும் மணியும் குறிக்காவிட்டால் வேலை நேரம் குறையும். ஆனால் உங்களை மாலை வேலைக்குப் போடுவதா என்பது அவர்கள் கையில் இருக்கும்.

முதலாளி மறுப்பதானால் நிறுவனம் சார்ந்த காரணம் வேண்டும். அதையும் தொடங்கும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் தர வேண்டும். பேசாமல் இருந்துவிட்டால், நீங்கள் கேட்டபடியே நேரம் குறைந்துவிடும்.

நம்மவர் பலர் இடறுவது இனிமேல்தான். காலம் குறிப்பிடாமல் குறைத்துக்கொண்டால் அது நிரந்தரம். பிள்ளை வளர்ந்தபின் பழைய மணிக்குத் திரும்ப நினைத்தால், இடம் காலியாகும்போது முன்னுரிமை கேட்கலாம். அதற்குமேல் உறுதி இல்லை. சம்பளத்தோடு ஓய்வூதியப் பங்களிப்பும் குறைவதால், வயதான காலத்தில் அந்த இழப்பு தெரியும். 45 பேருக்கு மேல் வேலை செய்யும் இடமென்றால், 2019 முதல் இன்னொரு வழி இருக்கிறது: ஒன்று முதல் ஐந்து வருடம் வரை காலம் குறித்துக் குறைத்துவிட்டு, முடிந்ததும் முழு நேரத்துக்குத் திரும்பலாம். பெயர் 'புரூக்கன்டைல்ட்சைட்' (Brückenteilzeit). விண்ணப்பத்தில் அந்தச் சொல்லையும், தொடங்கும் நாள், முடியும் நாள் இரண்டையும் எழுதுங்கள். நான் இரண்டு வருடம் கேட்டேன், கிடைத்தது.

தொழிற்சங்கத்தில் இருந்தால் அனுப்புமுன் அவர்களிடம் காட்டுங்கள். அனுப்பிய மின்னஞ்சலைத் தேதியோடு அச்சிட்டு, சம்பளச் சீட்டுகளோடு வைத்துக்கொள்ளுங்கள்.