பில்ஸ்னர் காய்ச்சுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாத்திரத்தைச் சுத்தமாக வைத்திருங்கள் என்பது எந்தக் கையேட்டின் முதல் பக்கத்திலும் இருக்கும். அதை இங்கே விட்டுவிடலாம். வீட்டில் நாலைந்து ஏல் (சற்று வெப்பத்தில் நொதிக்கும் பீர்) நன்றாக வந்துவிட்டது, அடுத்தது பில்ஸ்னர் (லாகர் எனப்படும், குளிரில் நொதிக்கும் பீர்களில் வெளிர் நிற வகை) என்று இறங்குபவர்களுக்குத்தான் இது. ஸ்டவுட் என்ற கறுத்த பீரில் வறுத்த மால்ட் (முளைவிட்டு உலர்த்திய பார்லி) பல குறைகளை மூடிவிடும். பில்ஸ்னரில் வெளிர் மால்ட், சாட்ஸ் ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் செக் நாட்டுப் பூ), மென்னீர், ஈஸ்ட் என நான்குதான். எதன் பின்னாலும் ஒளிய முடியாது.

சட்டம் பார்க்காமல் அடுப்பேற்றுவது

பிரிட்டனில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்கு உரிமம் வேண்டாம். தமிழ்நாட்டில் உரிமமின்றிக் காய்ச்சுவது குற்றம்.

ஒரே ஈஸ்ட் பாக்கெட், அதுவும் சூட்டில்

எத்தனை முறை சொன்னாலும் தொடர்வது இதுதான். வோர்ட் (மால்ட்டிலிருந்து வடித்த இனிப்புச் சாறு) 24 டிகிரியில் இருக்கும்போதே 11.5 கிராம் பாக்கெட் ஒன்றைத் தூவிவிட்டு, "ஈஸ்ட் முதலில் கிளம்பட்டும், பிறகு குளிர வைக்கலாம்" என்பார்கள். மறுநாளே நுரை கட்டும், மனசும் குளிரும். கெட்டது தெரிய இரண்டு மாதம் ஆகும்.

முதலில் அளவு. ஏலுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு, ஒரு டிகிரி பிளேட்டோவுக்கு (வோர்ட்டின் சர்க்கரைச் செறிவை அளக்கும் அலகு) 7.5 லட்சம் செல்கள் போதும். லாகருக்கு அதில் இரண்டு மடங்கு. 12 பிளேட்டோவில் (ஒப்படர்த்தி 1.048) 20 லிட்டர் என்றால் 36,000 கோடி செல்கள். உலர் ஈஸ்டில் இரண்டு பாக்கெட். பாக்கெட் விலையைப் பார்த்து இங்கே மிச்சம் பிடிப்பவர், மால்ட்டையும் ஹாப்ஸையும் இரண்டு மாத ஃபிரிட்ஜ் இடத்தையும் பணயம் வைக்கிறார்.

அடுத்து வெப்பம். குறைவாகப் போட்ட ஈஸ்ட் பல மடங்கு பெருக வேண்டியிருக்கிறது. பெருகும்போது அசிட்டோலாக்டேட் என்ற பொருள் செல்லிலிருந்து கசிந்து, வெளியே டையசெட்டைலாக மாறும். வெண்ணெய் பாப்கார்ன் வாசனைக்குக் காரணம் அதுதான். சூட்டில் இது கூடும், பழவாசனை தரும் எஸ்டர்களும் சேரும். ஈஸ்டே டையசெட்டைலைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் நடுவில் திடீரென்று 10 டிகிரிக்கு இறக்கினால் அது சோர்ந்து அடியில் படிந்துவிடும். வெண்ணெய் பீரிலேயே தங்கிவிடும்.

செய்ய வேண்டிய முறை இது. வோர்ட்டை 8–9 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகே ஈஸ்ட். குழாய்த் தண்ணீரே 28 டிகிரி என்றால், மூடிய ஃபெர்மென்டரை (நொதிக்கும் பாத்திரத்தை) இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் போடுங்கள். சுத்தமான பாத்திரத்தில் ஓர் இரவு காத்திருப்பதால் வோர்ட் கெட்டுப்போகாது. பிறகு 10–11 டிகிரியில் நொதிக்கட்டும். வெப்பநிலை சென்சாரைப் பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே ஃபோம் வைத்து மூடுங்கள். நொதியும் பீர் ஃபிரிட்ஜ் காற்றைவிடச் சில டிகிரி சூடாக இருக்கும்.

1.048-இல் தொடங்கியது 1.020-ஐ நெருங்கியதும் 16 டிகிரிக்கு ஏற்றி, இரண்டு மூன்று நாள் விடுங்கள். அப்புறம் சோதனை: இரண்டு மூடிய கோப்பைகளில் மாதிரி எடுத்து, ஒன்றை 60–70 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்து, ஆறியதும் இரண்டையும் முகர்ந்து பாருங்கள். சூடாக்கியதில் வெண்ணெய் வாசம் வந்தால் இன்னும் வேலை முடியவில்லை. வராவிட்டால், அடர்த்தியும் நிலைத்த பிறகு, நாளுக்கு 1–2 டிகிரி வீதம் இறக்கி, 1 டிகிரியில் நான்கு முதல் ஆறு வாரம்.

"செக் பீரில் கொஞ்சம் வெண்ணெய் இருக்கத்தானே செய்யும்" என்று ஒரு சமாதானம் வரும். இருக்கும்; மால்ட்டுக்குப் பின்னால் லேசாக. மூடியைத் திறந்ததும் மூக்கில் அடிப்பது பாணி அல்ல, பிழை. 1838-இல், இன்றைய செக் நாட்டிலுள்ள பில்ஸென் நகரத்தார் 36 பீப்பாய் மோசமான பீரை நகர்மன்றத்தின் முன் கொட்டினார்கள். பின்னர் கட்டிய ஆலைக்கு பவேரியாவிலிருந்து பீர் காய்ச்சுநர் யோசஃப் கிரோலை வரவழைத்து, 1842 அக்டோபர் 5 அன்று முதல் பில்ஸ்னரைக் காய்ச்ச வைத்தார்கள். அவர்கள் நம்பியது மணற்பாறையில் குடைந்த குளிர் நிலவறைகளை.

கொதிக்கும்போது மூடி போடுவது

வேகவைத்த சோளம் மாதிரி வாசனை வந்தால் காரணம் இதுவே. பில்ஸ்னர் மால்ட்டுக்கு 90 நிமிடம், மூடியில்லாமல்.

கடின நீர்

பில்ஸென் தண்ணீரில் தாதுக்கள் மிகக் குறைவு. பைகார்பனேட் மிகுந்த போர் தண்ணீரில் மேஷின் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் கலவையின்) பிஎச் ஏறி, கசப்பு நாக்கைச் சுரண்டும். ஆர்ஓ தண்ணீர் 30 லிட்டருக்குக் கால்சியம் குளோரைடு 3–4 கிராம் போதும். பிஎச் 5.3–5.4-க்கு இறங்காவிட்டால் மொத்த மால்ட்டில் 2–3 சதவீதம் அசிடுலேட்டட் (அமிலமேற்றிய) மால்ட் சேருங்கள். ஜிப்சம் வேண்டாம். அது இங்கிலாந்தின் பர்ட்டன் ஏலுக்கு உரியது.

காற்றடைப்பானில் குமிழி எண்ணுவது

நொதிப்பு முடிந்ததா என்பதைக் குமிழி சொல்லாது. அடர்த்தியை அளக்க ஹைட்ரோமீட்டர் வாங்குங்கள்.

பாட்டில் சர்க்கரைக் கணக்கு

பாட்டிலில் வாயு உண்டாகச் சேர்க்கும் சர்க்கரையின் அளவைச் சொல்லும் கணிப்பான்கள், பீரில் ஏற்கெனவே எவ்வளவு வாயு இருக்கிறது என்று அறிய "பீரின் வெப்பநிலை" என்று கேட்கும். பலர் 1 டிகிரி என்று போடுகிறார்கள். 16 டிகிரியில் இருந்தபோதே பெரும்பாலான வாயு வெளியேறிவிட்டது. அதன்பின் குளிர வைத்தாலும் போனது திரும்பாது. 16 என்றே போடுங்கள். 20 லிட்டருக்கு வெள்ளைச் சர்க்கரை 110–120 கிராம் வரும். 1 என்று போட்டால் ஏறக்குறைய பாதிதான் காட்டும். ஆறு வாரம் காத்த பீர் சப்பென்று இருக்கும்.