காய்ச்சலும் பாய்ச்சலும்: நெல் வயலிலிருந்து கார்பன் வருவாய்க்கு முதல் படிகள்

ஒரு டன் கரியமில வாயுவுக்கு இணையான மாசு தவிர்க்கப்பட்டாலோ, அதற்கு இணையான கார்பன் மண்ணில் சேர்ந்தாலோ அது ஒரு கார்பன் கிரெடிட். இரண்டு ஏக்கர்காரர் இதைத் தனியாக விற்பது கட்டுப்படியாகாது. அளவீட்டுச் செலவே வருவாயை விழுங்கிவிடும். ஆகவே, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் போன்ற அமைப்பின் வழியாகப் பலரை ஒரே திட்டத்தில் சேர்க்க வேண்டும். மதுரை மாவட்டத்தின் மேலூர், வாடிப்பட்டி வட்டாரத்தில் அந்தப் பொறுப்பை ஏற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: பழைய நிலையைப் பதிவு செய்தல்

வயலில் எதையும் மாற்றுவதற்கு முன்பே பட்டா, சிட்டா, அடங்கல், புலப்பட நகல் ஆகியவற்றுடன், கடந்த சில ஆண்டுகளின் பயிர், உரம், தண்ணீர் பாய்ச்சிய விதம், அறுத்த தாளை மடக்கி உழுதாரா எரித்தாரா என்பது வரை எழுதி வாங்குங்கள். மாற்றத்தை ஒப்பிட இந்த அடிநிலைதான் ஆதாரம். மண் கார்பனுக்கு 30 செ.மீ. ஆழம் வரை மாதிரி எடுத்து, மண்ணின் அடர்த்தியையும் அளக்க வேண்டும். உரப் பரிந்துரைக்கு எடுக்கும் 15 செ.மீ. மாதிரி போதாது.

படி 2: வயலைத் தேர்ந்தெடுத்தல்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். தண்ணீர் தேங்கிய சேற்றில் காற்று புகாததால் நுண்ணுயிர்கள் புவியை வெப்பமாக்கும் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. இடையிடையே வயலைக் காயவிட்டுப் பாய்ச்சும் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ முறையில் மீத்தேன் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறையும். ஆனால் பெரியாறு–வைகைப் பாசனத்தின் கடைமடையில், முறை வைத்துத் தண்ணீர் வருவதால் ஏற்கெனவே காய்ந்து காய்ந்து விளையும் வயலுக்குப் புதிதாகக் குறைக்க ஒன்றுமில்லை. எப்போதும் தண்ணீர் கட்டும் பழக்கமுள்ள, வேண்டியபோது பாய்ச்சக் கிணறோ ஆழ்துளைக் கிணறோ உள்ள வயல்களே ஏற்றவை.

படி 3: குழாய் பதித்தல்

எப்போது மீண்டும் பாய்ச்சுவது என்பதை அறிய, மண்ணுக்குள் நீர் எவ்வளவு இறங்கியது என்று காட்டும் குழாய் தேவை. 30 செ.மீ. நீளக் குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் இருக்கும்படி பதித்து, உள்ளே இருக்கும் சேற்றை அகற்றுங்கள். குழாயில் நீர் தரைமட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும், 5 செ.மீ. உயரத்துக்கு மீண்டும் பாய்ச்சலாம். பூக்கும் பருவத்தில் வயலைக் காயவிடக் கூடாது. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் தேதியும் படமும் தேவை.

படி 4: மண் கார்பன்

ஓர் ஏக்கரில் 30 செ.மீ. ஆழத்துக்கு, அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 1.3 கிராம் எனக் கொண்டால், மண் ஏறத்தாழ 1,578 டன். அதில் கரிமச்சத்து (மண் கார்பன்) 0.1 விழுக்காட்டுப் புள்ளி உயர்ந்தால் சுமார் 5.8 டன் கரியமில வாயுவுக்கு இணை. கேட்க இனிமையாக இருந்தாலும், அந்த உயர்வுக்குச் சில ஆண்டுகள் ஆகும் என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை மடக்கி உழுதபின் தொடர்ந்து தண்ணீர் கட்டினால், மீத்தேன் கூடிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

படி 5: ஒப்பந்தம்

மத்திய வேளாண் அமைச்சகம் 2024 ஜனவரியில் வேளாண்மைக்கான தன்னார்வக் கார்பன் சந்தைக் கட்டமைப்பை (சட்டக் கட்டாயமின்றிக் கிரெடிட்டுகளை வாங்கி விற்பதற்கான வழிமுறையை) வெளியிட்டது. எனினும் விவசாயிக்கு எத்தனை பங்கு, பணம் எப்போது வரும், நிலம் கைமாறினால் என்ன ஆகும், அளவீட்டுச் செலவு யாருடையது என்பவை ஒப்பந்தத்தில் தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும். விவசாயியிடமே முன்பணம் கேட்கும் திட்ட நிறுவனத்தை நான் சேர்க்கமாட்டேன். குத்தகை நிலமானால், உழுபவருக்கும் உடைமையாளருக்கும் உரிய பங்கைப் பிரித்து எழுதி, இருவரிடமும் கையொப்பம் பெற்ற பின்னரே பெயரைச் சேருங்கள்.