ஊர் அணியையும் மாவட்ட அணியையும் எடைபோடுவது எப்படி?

பொங்கல் கழிந்து, வாழப்பாடி, ஆத்தூர், ஓமலூர், எடப்பாடிப் பக்கத்து ஊர்களில் மின்னொளி கபடிப் போட்டி நோட்டீஸ்கள் சுவரேறத் தொடங்கினால், தேநீர்க் கடை பெஞ்சுகளில் எழும் பேச்சு பெரும்பாலும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே இருக்கும். இந்த முறை எந்த ஊர் கோப்பையைத் தூக்கும்? நம் ஊர்ப் பையன்களில் எத்தனை பேர் மாவட்ட அணிக்குப் போவார்கள்? இரண்டுக்கும் பதில் சொல்கிறவர்கள் எதிர்க்களத்துக்குப் பாடிச் செல்லும் ஏதேனும் ஒரு ரைடரின் பெயரைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். பல ஆண்டுகளாகக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துவரும் எனக்கு அந்தப் பழக்கம் மிகவும் வருத்தம் தருகிறது. ஓர் அணியின் நிலையைக் கணிக்க விரும்புகிறவர் பாடி வருபவரை மடக்கும் அதன் பிடி ஆட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கவனிக்கும் அணியின் ஒவ்வொரு ரெய்டுக்கும் ஒரு வரி ஒதுக்கி, பாடிச் சென்றவரின் சட்டை எண், அப்போது எதிர்க்களத்தில் எத்தனை பேர் நின்றார்கள், முடிவு என்ன என்ற மூன்றை மட்டும் எழுதுங்கள். ஒரு ரெய்டுக்கு 30 விநாடிதான் என்பதால் அதற்கு மேல் எழுத நேரமும் இருக்காது. முடிவைக் குறிக்கத் தொடுபுள்ளிக்கு ‘தொ’, போனஸ் கோட்டைக் காலால் தாண்டி எடுக்கும் போனஸுக்கு ‘போ’, வெறுங்கையாகத் திரும்பினால் ஒரு சுழி, பிடிபட்டால் ஒரு பெருக்கல் குறி என்று வைத்துக்கொண்டால் போதும். எதிரணி பாடி வரும்போது யார் முதலில் பிடித்தார், யார் வந்து சேர்ந்து அமுக்கினார் என்பதைப் பின்பக்கத்தில் குறியுங்கள்.

இந்த நோட்டு என்ன சொல்லும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு ரைடர் 20 முறை பாடிச் சென்று 10 புள்ளி எடுத்தார் என்றால், நல்ல ஆட்டம் என்றே கூட்டம் சொல்லும். வரிகளைக் கூட்டிப் பார்த்தால், 5 ரெய்டுகளில் போனஸ் மட்டும், 3 ரெய்டுகளில் தொட்டு 5 புள்ளி, 7 முறை வெறுங்கை, 5 முறை பிடிபட்டது என்று வருகிறது. களத்தில் ஆறு பேரோ அதற்கு மேலோ நின்றால்தான் போனஸ் உண்டு. அதைவிட முக்கியமாக, தொடுபுள்ளியைப் போல் அல்லாமல், போனஸ் புள்ளியால் வெளியே உட்கார்ந்திருக்கும் நம் ஆட்டக்காரர் ஒருவர்கூட உள்ளே வர முடியாது. ஆகவே அந்த ரைடர் பலகையில் எண்ணைக் கூட்டினாரே தவிர, பாதிப் புள்ளிகளால் தன் அணியின் ஆள் பலத்தைத் திருப்பித் தரவில்லை. பிடிபட்ட 5 முறையும் எதிரணிக்குப் புள்ளி கொடுத்ததோடு, தானும் வெளியே போய்க் காத்திருந்தார். அவர் வெளியே இருந்த நேரத்தில் அணி எத்தனை புள்ளி இழந்தது என்பதையும் பாருங்கள். ஓர் ஆளை நம்பி நிற்கும் அணி எது என்பது அந்த இடத்தில் பிடிபட்டுவிடும்.

அடுத்து பிடி ஆட்டம். தடுப்பு வரிசையின் இரு முனைகளான இடது, வலது கார்னர்களில் நிற்கும் இருவரின் கால்களையே ஐந்து நிமிடம் பாருங்கள். பந்தயக் கூட்டத்தில் இதைச் செய்கிறவர் மிகக் குறைவு. நல்ல கார்னர் ஆட்டக்காரர், ரைடரின் முகத்தைப் பார்ப்பதில்லை, இடுப்புக்குக் கீழேதான் பார்ப்பார். ரைடர் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டி, உடல் எடை பின்காலுக்கு மாறும் அந்த நொடியில் கணுக்காலைப் பற்றுவார். அவர் பற்றியதும் அருகில் நிற்கும் ‘கவர்’ என்ற துணைப் பிடி ஆட்டக்காரர் தாமதமில்லாமல் வந்து விழுகிறாரா, அரை நொடி யோசிக்கிறாரா என்பதில்தான் அணியின் உண்மையான நிலை தெரியும். மூவரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிளாக 2 புள்ளி கிடைக்கும். ஆள் குறைந்த நிலையில் அதைத் துணிந்து செய்யும் அணியை ஒருபோதும் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

இதற்குத் தமிழ் தலைவாஸ் அணியே சாட்சி. 2017 இல் புரோ கபடி லீக்கில் சேர்ந்த அந்த அணி, 2022 இல் 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய நட்சத்திர ரைடர் பவன் செராவத்தை முதல் ஆட்டத்திலேயே காயத்தால் இழந்தது. எல்லோரும் கைகழுவிவிட்ட அதே ஆண்டில்தான், சாகர், சாஹில் குலியா என்ற இரண்டு கார்னர்களின் பலத்திலும், நரேந்தர் என்ற இளம் ரைடரின் ஆட்டத்திலும் அது முதன்முறையாக அரையிறுதி வரை சென்றது.

ஊர் அணியிலிருந்து மாவட்ட அணிக்குக் கணிப்பை நகர்த்தும்போது இன்னும் நிதானம் வேண்டும். முதல் வேலையாக, ஊர்ப் போட்டியில் வென்ற அணியில் வெளியூரிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு, அவர்களின் புள்ளிகளைக் கழித்துவிடுங்கள். எடைப் பிரிவையும் நோட்டீஸில் பாருங்கள். 65 கிலோ பிரிவில் எல்லோரையும் தூக்கி எறிந்த பையன், 85 கிலோ வரை அனுமதி உள்ள சீனியர் ஆட்டத்தில் கனத்த கவர்களின் இடியைத் தாங்குவானா என்பது தனிக் கேள்வி. தண்ணீர் தெளித்து உருட்டிய செம்மண்ணில் வெறுங்காலோடு ஆடியவர், ‘மேட்’ என்ற விரிப்பின் மேல் ஷூ அணிந்து ஆடும்போது திரும்பும் வேகமும் காலூன்றும் முறையும் மாறிவிடும். மாநிலப் போட்டிகள் மேட் விரிப்பில் நடக்கும்போது அந்தப் பழக்கம் இல்லாதவர் தொடக்க ஆட்டங்களிலேயே தடுமாறுவார். ஏற்காடு மலைக் கிராமங்களில் மூட்டம் இறங்கிய ஈர மண்ணில் ஆடிய ஆட்டத்தை வைத்து யாரையும் கணிக்க வேண்டாம். அங்கே வழுக்குவது எல்லோருக்கும் பொது.

மாவட்ட அணி என்பது ஐந்தாறு ஊர்களின் சிறந்தவர்களைக் கூட்டியது என்பதால் அதுவே வலுவான அணி ஆகிவிடாது. ஓர் ஊரின் இடது கார்னரும் இன்னோர் ஊரின் கவரும் ஒருவர் அசைவை ஒருவர் அறியாமல் பக்கத்தில் நிற்பார்கள். நான் ஒருமுறை, தனித்தனியாக மிகச் சிறந்த பிடி ஆட்டக்காரர்கள் நான்கு பேரைக் கொண்ட ஓர் அணியை நிச்சயம் இறுதிக்கு வரும் என்று சொன்னேன். முதல் ஆட்டத்திலேயே கார்னர் பிடித்தபோது கவர் அசையாமல் நின்றார், அடுத்த முறை கவர் பாய்ந்தபோது கார்னர் பின்வாங்கினார்; இடைவேளைக்குள் இரண்டு முறை களத்தில் ஒருவரும் மிஞ்சாமல் ஆல் அவுட் ஆனார்கள். அதிலிருந்து, தேர்வுப் பட்டியல் வெளிவந்ததும் ஒரே ஊரிலிருந்து சேர்ந்து ஆடிப் பழகிய கார்னர்–கவர் ஜோடி அதில் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் தேடுகிறேன். அப்படி ஒரு ஜோடி இருந்து, பயிற்சி முகாமும் சில நாள்களாவது நடந்தால், அந்த அணியைப் பற்றித் தைரியமாகப் பேசலாம்.

கடைசியாக, வாய்ப்பைச் சொல்லும் முன் ஆட்ட அட்டவணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விடிய விடிய நடக்கும் நாக் அவுட் போட்டியில் இரவு பதினொரு மணிக்கு முதல் ஆட்டம் ஆடும் அணி, அதிகாலை நான்கு மணிக்கு இறுதியாட்டத்துக்கு வரும்போது அதே ஏழு பேரின் கால்களோடு வருகிறதா, மாற்று ஆட்டக்காரர் மூவரை ஏற்கெனவே இறக்கிப் பார்த்திருக்கிறதா என்று கேளுங்கள். பெஞ்சில் இருப்பவர்களின் பெயரும் தெரிந்த பிறகே, எந்த ஊர் வெல்லும் என்று வாய் திறங்கள்.