ஷார்ட்பிரெட் பார்: பழம் வைக்கும்போது செய்யக்கூடாதவை

போன வாரம், புதிதாக பேக்கிங் பழகும் மூன்று பேர் பழம் வைத்த ஷார்ட்பிரெட் பார் (வெண்ணெய், மைதா, சர்க்கரை சேர்த்த பிஸ்கட் மாதிரியான மொறுமொறு அடி, மேலே பழம்) செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு காலத்தில் நான் சொதப்பியதையெல்லாம் வரிசை மாறாமல் சொதப்பினார்கள். ஓவனைச் சூடாக்க மறப்பது, உப்பை விடுவது எல்லாம் தானாகவே திருந்திவிடும், அதை விடுங்கள்.

வேகாத மாவின் மேல் பழம்

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. எப்படியும் இரண்டும் சேர்ந்துதானே வேகப்போகிறது என்று, தட்டில் அழுத்திய வேகாத மாவின் மேலேயே ஸ்ட்ராபெரியை அடுக்கிவிடுகிறார்கள். நானும் ஒரு பிறந்தநாளுக்கு அப்படித்தான் செய்தேன். மேலே பார்க்க அவ்வளவு அழகு. கத்தியை இறக்கினால் அடியில் வெள்ளைக் களி. 200 கிராம் வெண்ணெயும் 300 கிராம் மைதாவும் போச்சு. வந்தவர்கள் ஸ்பூன் கேட்டார்கள்.

ஸ்ட்ராபெரியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மாவின் ஈரம் வற்றினால்தான் மொறுமொறுப்பு வரும். மேலிருந்து சாறு இறங்கிக்கொண்டே இருந்தால் எங்கே வற்றுவது? இன்னும் பத்து நிமிடம் வைத்தாலும் ஓரம்தான் கருகும், நடு அப்படியே இருக்கும்.

அடி மாவை மட்டும் முதலில் 175 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் போல வையுங்கள். ஓரம் பொன்னிறமாக வேண்டும், நடுவில் பச்சை மாவின் பளபளப்பு போயிருக்க வேண்டும். அதை வெளியே எடுத்த பிறகுதான் பழத்தில் சர்க்கரை. முன்பே போட்டு வைத்தால் கிண்ணத்தில் சாறு குளம் கட்டிவிடும். கால் கிலோ பழத்துக்கு ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார். அப்புறம், பழத்தை அடி மாவின் மேல் பரப்பி மறுபடி ஓவனில் வையுங்கள், நடுவிலும் சாறு கொதித்துக் குமிழ்கள் கெட்டியாக, மெதுவாக வெடிக்கும்வரை எடுக்காதீர்கள். சரியாகக் கொதிக்காத கார்ன்ஃப்ளார் சாற்றைப் பிடித்து வைக்காது, நாக்கில் மாவாக நிற்கும்.

அழுத்திப் பிசைவது

வேண்டாம். மாவைக் கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

மணத்துக்குப் போடும் எல்லா இலையையும் ஓவனுக்குள் அனுப்புவது

ரோஸ்மேரியும் தைமும் சூடு தாங்கும். பொடியாக நறுக்கி, மாவுக்கான சர்க்கரையோடு விரலால் கசக்குங்கள், சர்க்கரையே மணக்கும். ஒரு தேக்கரண்டிக்கு மேல் போனால் தைல வாடை. புதினாவும் பேசிலும் உள்ளே போனால் கறுத்துவிடும். அவற்றை ஆறிய பிறகு கிள்ளிப் போடுங்கள்.

சூட்டோடு வெட்டுவது

உதிரும். முழுதாக ஆறட்டும்.