முதல் வகுப்புக்கு முன் மைதானத்தைப் படம் எடுங்கள்

கற்றல் வேறுபாடு உள்ள குழந்தையை விளையாட்டுப் பயிற்சியில் சேர்க்கிறீர்களா? முதல் வகுப்புக்கு முன்பே, கூட்டமில்லாத நேரத்தில் மைதானத்துக்குக் கூட்டிச் சென்று செல்போனில் சில படங்கள் எடுங்கள்: வாசல், பயிற்சியாளர் (அவரிடம் கேட்டு), வார்ம்-அப் செய்யும் இடம், கழிப்பறை, முடிந்ததும் நீங்கள் காத்திருக்கும் இடம். நடக்கும் வரிசையில் அடுக்கி, வீட்டில் தினமும் ஒருமுறை சேர்ந்து பாருங்கள்.

ஏடிஎச்டி (கவனம் சிதறுதல், அதீதத் துறுதுறுப்பு), டிஸ்லெக்சியா (வாசிப்பதில், எழுதுவதில் சிரமம்) உள்ள பல குழந்தைகளுக்கு வாய்வழியாகச் சொல்லும் நான்கைந்து கட்டளைகளை ஒன்றாக நினைவில் வைப்பது கடினம். ஆட்டிசம் உள்ள பலருக்கோ அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததே பதற்றம். சொன்ன சொல் போய்விடும், படத்தைத் திரும்பப் பார்க்கலாம். ஆரம்ப வகுப்புகள் வாசலில் அழுகையிலேயே கழிவது இதனால் குறையலாம்.

கடைசியாக, இப்படி எழுதிய ஓர் அட்டையையும் படங்களோடு வையுங்கள்: "நானும் விளையாட வரலாமா?" இதை வீட்டில் நடித்துப் பழக்குங்கள். பந்தை உதைக்கக் கற்பதைவிட இதுதான் பல குழந்தைகளுக்குக் கடினம், அதனால் இதற்கே அதிக நேரம் கொடுங்கள்.

வகுப்பின் வரிசை அடிக்கடி மாறும் இடத்தில் படவரிசை குழப்பத்தைக் கூட்டும். அங்கே இடங்களின் படம் மட்டும் போதும். பார்வைக் குறைபாடு இருந்தால் படத்துக்குப் பதில் உங்கள் குரலில் பதிவு செய்து கொடுங்கள். வளர்ந்த பிள்ளைகள் மற்றவர் முன் படம் பார்க்கக் கூச்சப்படலாம், அவர்களை வற்புறுத்தவே வேண்டாம்.