ஆய்வு ஆர்வத்தை எண்ணிக்கையால் அளக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

ஒரு மருத்துவத் துறையில் ஆராய்ச்சி கூடுகிறதா குறைகிறதா என்று காட்ட, பலரும் மருத்துவக் கட்டுரைகளின் இணையத் தரவுத்தளமான பப்மெட்டில் ஒரு சொல்லைத் தட்டி, ஓரத்தில் வரும் ஆண்டுவாரிப் படத்தை அப்படியே ஆய்வேட்டில் ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் படத்தில் ஆர்வம் மட்டுமா தெரிகிறது? தரவுத்தளத்தின் வளர்ச்சி, பெயர் மாற்றம், பதிவுத் தாமதம் எல்லாமே அதில் கலந்திருக்கின்றன.

அதிகம் கெடுப்பது பெயர்தான். வயிற்றுப்புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைப் பாருங்கள். மருத்துவர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 1982-இல் அதை ஆய்வகத்தில் வளர்த்தார்கள். முதலில் கேம்பைலோபாக்டர் பைலோரிடிஸ், பிறகு கேம்பைலோபாக்டர் பைலோரி என்றிருந்த பெயர், 1989-இல்தான் ஹெலிகோபாக்டர் ஆனது. இன்றைய பெயரை மட்டும் தலைப்பிலும் கட்டுரைச் சுருக்கத்திலும் தேடினால், 1989-இல் திடீரென்று ஒரு துறை பிறந்ததுபோல் கோடு எழும்பும். பழைய பெயர்களைச் சேர்த்தாலும் போதாது. 1984-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அவர்களின் புகழ்பெற்ற கட்டுரை, தலைப்பில் 'அடையாளம் தெரியாத வளைந்த பேசில்லை' (bacilli, கோல்வடிவ பாக்டீரியாக்கள்) என்றுதான் சொல்கிறது. ஆகவே முதலில் துறையின் ஆரம்பகாலக் கட்டுரைகள் சிலவற்றைக் கையில் எடுங்கள். உங்கள் தேடலில் அவை சிக்குகின்றனவா என்று பார்த்தபிறகே எண்ணத் தொடங்குங்கள்.

1975-க்கு முந்தைய பதிவுகளில் பெரும்பாலும் கட்டுரைச் சுருக்கம் இருக்காது. அந்த ஆண்டைத் தாண்டி ஒப்பிடுவதாக இருந்தால் தலைப்பில் மட்டும் தேடுங்கள். இல்லாவிட்டால் சுருக்கங்கள் வந்து சேர்ந்ததையே ஆர்வம் வளர்ந்ததாக எண்ணிவிடுவீர்கள்.

அடுத்தது, வெறும் எண்ணிக்கையை நம்புவது. ஒரு தலைப்பில் 400 கட்டுரைகள் 600 ஆயின என்று வைத்துக்கொள்வோம். அதே காலத்தில் மொத்தப் பதிவுகள் 2 லட்சத்திலிருந்து 4 லட்சமானால், லட்சத்துக்கு 200 என்றிருந்த பங்கு 150 ஆகிறது. எண்ணிக்கை ஏறினாலும் அந்தத் தலைப்பின் இடம் சுருங்கியிருக்கிறது. எனவே ஒவ்வொரு ஆண்டின் எண்ணையும் அந்த ஆண்டின் மொத்தத்தால் வகுத்துவிடுங்கள். 2020-க்குப் பிந்தைய ஆண்டுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. கோவிட் கட்டுரைகள் மொத்தத்தையே வீங்க வைத்ததால் மற்ற தலைப்புகளின் பங்கு சரிந்ததுபோல் தெரியும். கோவிட்டைச் சேர்த்து ஒரு முறையும் நீக்கி ஒரு முறையும் கணக்கிட்டால்தான் உண்மை பிடிபடும்.

நடப்பு ஆண்டைக் கோட்டில் சேர்க்காதீர்கள். அது எப்போதும் பொய்யான சரிவையே காட்டும். கட்டுரையின் பொருளைக் குறிக்கப் பப்மெட் பயன்படுத்தும் மெஷ் (MeSH) குறிச்சொற்களை வைத்துத் தேடினால் கூடுதல் கவனம் தேவை, அவை பதிவுக்குப் பிறகுதான் சேர்க்கப்படுகின்றன. மின்பதிப்பு டிசம்பரிலும் அச்சுப்பதிப்பு அடுத்த ஜனவரியிலும் வந்த கட்டுரையைப் பப்மெட்டின் ஆண்டுவாரிப் படம் இரண்டு ஆண்டிலும் எண்ணும். அந்தப் படத்தின் ஆண்டுக் கம்பிகளைக் கூட்டினால் மொத்த முடிவுகளைவிட அதிகம் வருவது இதனால்தான்.

முழுத் தேடல் வரியையும் தேடிய தேதியையும் ஆய்வேட்டிலேயே எழுதுங்கள். பழைய ஆண்டுகளுக்கும் பதிவுகள் சேர்ந்துகொண்டே இருப்பதால், ஆறு மாதம் கழித்து அதே தேடல் வேறு எண்ணைத் தரக்கூடும்.